அஞ்சும் நெஞ்சு: பால்புதுமையரின் இதய நலம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இதய மருத்துவரை மேடைக்கு அழைத்தால் மாரடைப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் நம்முடைய புறநோயாளர் வரிசையில் அரிதாகவே வந்து நிற்கிற மனிதர்களின் மாரடைப்பைப் பற்றி. தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்புள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பியர் ஆகிய எல்லோரையும் சேர்த்து இன்று பால்புதுமையர் என்கிறோம். அவர்களின் இதய நலமே இன்றைய பொருள். அறக்கட்டளைக் குழுவினரிடம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். அதற்காக அவர்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பால்புதுமையரின் இதயம் பிறவியிலேயே நலிந்த இதயமில்லை. அதைக் கெடுக்கிற காரணங்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரிந்தவை, கருவியால் அளக்கக்கூடியவை, மலிவான மாத்திரைகளுக்குக் கட்டுப்படுபவை. இருந்தும் சிகிச்சை அவர்களிடம் போய்ச் சேராததற்குக் காரணம் அச்சம். நம்மிடம் வர அவர்களுக்கு அச்சம். அவர்களிடம் கேட்க நமக்கு அச்சம். அந்த அச்சம் எந்த வழியாக இதயத் தமனிவரை போகிறது, அதை எங்கே மறிக்கலாம் என்பதை இந்த உரையில் பார்ப்போம்.

ஒரு கேள்வியால் விளைந்த அறிவு

எண்ணப்படாத மக்களின் நோய் அரசின் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் தேசிய உடல்நல நேர்காணல் ஆய்வில் 2013ஆம் ஆண்டு பாலீர்ப்பு பற்றிய கேள்வி சேர்க்கப்பட்டது. மாநிலங்கள்தோறும் தொலைபேசி வழியாக நடக்கும் நலவாழ்வுக் கணக்கெடுப்பில், பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் கேட்பதற்கான பகுதி 2014 முதல் இடம்பெற்றது. வயது என்ன, புகைபிடிப்பீர்களா, சர்க்கரை உண்டா என்ற கேள்விகளோடு இதுவும் ஒன்றாகக் கேட்கப்பட்டது. மக்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்கள் குவியக் குவியத்தான் இதய மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

2020 அக்டோபரில் அமெரிக்க இதயச் சங்கம், பால்புதுமையரின் இதய நலம் பற்றிய அறிவியல் அறிக்கை ஒன்றை ‘சர்க்குலேஷன்’ ஆய்விதழில் வெளியிட்டது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பில்லி கசெரெஸ், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியைச் சேர்ந்தவர். இங்கே அமர்ந்திருக்கும் செவிலிய மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டே, திருநங்கையர், திருநம்பியரின் இதய நலத்துக்கென்று தனியாக இன்னோர் அறிக்கையும் வந்தது.

இந்த அறிக்கைகளில் என்ன இருக்கிறது? பால்புதுமையரிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள பெண்களிடம் உடற்பருமன் அதிகம். செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2018இல் வெளியானது. தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள பெண்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடுதல், அதுவும் இளம் வயதிலேயே வருகிறது என்று அது காட்டியது. சர்க்கரை எந்த வயதில் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் இதயத் தமனிகள் எத்தனை ஆண்டுகள் அதன் பாதிப்பில் கிடக்கின்றன என்பதும் அமைகிறது.

அதேசமயம் பிரான்சில் 1,69,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள ஆண்களின் இதய நல மதிப்பெண் மற்ற ஆண்களைவிடச் சற்று மேலாகவே இருந்தது. அத்தகைய பெண்களின் மதிப்பெண்தான் மற்ற பெண்களைவிடக் குறைந்திருந்தது. ஆக, பாலீர்ப்பு என்பது தன்னளவில் இதயத்தைக் கெடுக்கிற பொருளாக இருந்திருந்தால் எல்லா நாட்டிலும் எல்லோரையும் ஒரே மாதிரி கெடுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஊருக்கு ஊர், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறது என்றால், காரணத்தை வாழ்கிற சூழலில்தான் தேட வேண்டும்.

அந்தச் சூழலை யாரோ திட்டமிட்டும் உருவாக்கியிருக்கிறார்கள். 1990களின் நடுவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. தன்பாலீர்ப்பாளர்கள் வாழும் பகுதியையும் வீடற்றவர்கள் திரியும் பகுதியையும் குறிவைத்துச் சிகரெட் விற்பதே அதன் நோக்கம். அதற்கு அவர்கள் சூட்டிய சுருக்கப் பெயர் ‘ஸ்கம்’. ஆங்கிலத்தில் அது கசடு, இழிந்தவர் என்று பொருள்படும் வசைச்சொல். வழக்குகளால் வெளிவந்த அந்த நிறுவனத்தின் சொந்த ஆவணங்களிலேயே இது பதிவாகியிருக்கிறது. ‘அவர்கள் ஏன் இவ்வளவு புகைக்கிறார்கள்’ என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஆவணத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அச்சம் தமனிக்குப் போகும் வழி

சமூக உளவியல் ஆய்வாளர் இலான் மேயர், சிறுபான்மையினர் சுமக்கும் மனவழுத்தம் பற்றிய தம் கோட்பாட்டை 2003இல் விரிவாக எழுதினார். எல்லோருக்கும் வேலை, கடன், குடும்பம் என்று கவலைகள் உண்டு. பால்புதுமையருக்கு அவற்றோடு வேறு சிலவும் சேர்கின்றன: நேரடி அவமதிப்பு, எந்த நேரமும் அவமதிப்பு வரலாம் என்ற எதிர்பார்ப்பு, தன்னை மறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை, ஊர் சொல்லும் ஏளனத்தைத் தானே நம்பத் தொடங்கிவிடுவது.

மறைப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முப்பது வயது இளைஞர் ஒருவர், மென்பொருள் நிறுவனத்தில் வேலை, மேன்ஷனில் நண்பர்களோடு அறை. தொலைபேசி மணி அடித்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேச வேண்டும். பேச்சில் பெயர் வந்துவிடக் கூடாது. நடை, சிரிப்பு, கையசைவு எல்லாவற்றையும் தானே காவல் காக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசுவார்: “ஜாதகம் வந்திருக்குப்பா, பொண்ணு போட்டோ அனுப்பட்டுமா?” அந்த ஒரு கேள்விக்கு அவர் நெஞ்சு படபடப்பதை ரத்த அழுத்தக் கருவியில் அளக்க முடியும். அட்ரினலின் சுரக்கிறது, நாடி துடிக்கிறது, ரத்தக் குழாய் சுருங்குகிறது. சாலையில் லாரி குறுக்கே வந்தால் நமக்கும் இதுதான் நடக்கிறது. லாரி போனதும் அடங்கிவிடுகிறது. இவருக்கு அடங்க விடுவதில்லை. கார்ட்டிசால் அளவு ஒழுங்கு தவறுகிறது. தூக்கம் கெடுகிறது. இடுப்பில் கொழுப்பு சேர்கிறது. சர்க்கரை ஏறுகிறது. நடுவே ஒரு சிகரெட், இரவில் இரண்டு பெக் என்று அன்றைக்குக் கிடைக்கிற ஆறுதலை அவர் தேடிக்கொள்கிறார்.

மனவழுத்தம் மாரடைப்பைக் கொண்டுவரும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற பேச்சு மட்டுமில்லை. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஒன்பது முதன்மைக் காரணிகளில் ஒன்றாக உளச்சமூக அழுத்தத்தை நிறுவியது. 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு 293 பேரின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தது. அச்சத்தை உணரும் மூளைப்பகுதி யாருக்கு மிகுதியாக இயங்கியதோ, அவர்களின் எலும்பு மஜ்ஜை சுறுசுறுப்படைந்திருந்தது. தமனிச் சுவரில் அழற்சி கூடியிருந்தது. பின்னாளில் இதய நோயும் பக்கவாதமும் அவர்களுக்கே அதிகம் வந்தன. தெற்காசியர்களாகிய நமக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. மற்ற நாட்டாருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 58.8 வயதில் வந்தபோது, நமக்கு 53 வயதிலேயே வந்தது என்று இன்டர்ஹார்ட் தரவுகள் காட்டின. ஏற்கெனவே முன்கூட்டி வருகிற நோய்க்கு அச்சமும் துணை சேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நம்பிக்கை தரும் ஒரு சான்றும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரே பாலினத் திருமணம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஓராண்டையும் பிந்தைய ஓராண்டையும், ஒரு சமூக நல மருத்துவ மையத்துக்கு வந்த 1,211 ஆண்களின் பதிவுகளை வைத்து ஒப்பிட்டார்கள். சட்டம் வந்தபின் மருத்துவரைத் தேடி வருவது 13 விழுக்காடு குறைந்திருந்தது. உயர் ரத்த அழுத்தமும் மனச்சோர்வும் குறைந்தன. திருமணம் செய்துகொண்டவர், செய்யாதவர் என்ற வேறுபாடில்லாமல் குறைந்தன. புது மருந்து எதுவும் கொடுக்காமல், சட்டம் மதித்த அளவிலேயே ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது.

மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை

இனி நம் ஊருக்கு வருகிறேன். திருநங்கையருக்கென்று நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 2008. அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்தப் பெருமை நமக்கு உரியதுதான். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் நீளும் ஹார்மோன் பயணத்தில் பெரும்பாலான திருநங்கையருக்கு வழிகாட்டுவது மருத்துவர் இல்லை. மூத்த திருநங்கையரும் மருந்துக் கடையும்தான்.

வீட்டைவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண், திருநங்கையர் குடும்பமாகக் கூடி வாழும் ஜமாத்தில் சேர்கிறாள். அம்மா முறையில் ஒருவர் அவளை மகளாக ஏற்கிறார். உடல் மாற வேண்டும், மார்பு வளர வேண்டும், தாடி மறைய வேண்டும். மருத்துவரிடம் போனால் என்னென்ன கேட்பாரோ என்ற பயம். “நாங்கல்லாம் இதத்தான் போட்டோம்” என்று யாராவது கருத்தடை மாத்திரை அட்டையைக் காட்டுகிறார்கள். ஒன்று போதவில்லை என்று இரண்டு, சீக்கிரம் மாற வேண்டும் என்று மூன்று, நான்கு. சீட்டு கேட்காமல் கடையில் தருகிறார்கள்.

அந்த அட்டையில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஹார்மோன். கருத்தடைக்காக மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுவது. இயற்கையான எஸ்ட்ரடயாலைக் கல்லீரல் விரைவில் சிதைத்துவிடும். இதை அவ்வளவு எளிதில் சிதைக்க முடியாது. அதனால் கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. அளவு கூடக் கூட, கால் நாளங்களில் ரத்தக் கட்டி உருவாகும் ஆபத்தும் கூடுகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத்திணறல், திடீர் மரணம். கூடவே புகைப்பழக்கமும் இருந்தால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் சேர்கிறது. ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனை தன் திருநங்கைப் பயனாளிகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2011இல் ஒரு முடிவை வெளியிட்டது. எத்தினைல் எஸ்ட்ரடயால் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோயால் வரும் மரணம் மூன்று மடங்கு. அந்த மருந்தைத் திருநங்கையருக்குத் தருவதைப் பாலின சிகிச்சை மையங்கள் கைவிட்டுவிட்டன. அங்கே கைவிடப்பட்ட மருந்தைத்தான் இங்கே நம் பிள்ளைகள் கைநிறைய விழுங்குகிறார்கள்.

மாற்று இருக்கிறது. இயற்கை வகை எஸ்ட்ரடயாலை உரிய அளவில் தரலாம். வயது கூடியவர்களுக்கும், முன்பு ரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் களிம்பாகவோ கொடுத்தால், மருந்து முதலில் கல்லீரல் வழியாகப் போகாததால் ஆபத்து குறைகிறது. ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும்போது ரத்தம் கெட்டிப்படலாம். நல்ல கொழுப்பு குறையலாம். அதனால் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சிவப்பணுக்களின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பத்து நான்கு விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, அளவு இறங்கியபின் குறைத்துத் தொடர வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகத்தில் செய்ய முடியாத சோதனை இதில் ஒன்றுகூட இல்லை.

மருத்துவ மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “இதையெல்லாம் நிறுத்தும்மா” என்று அதட்டி அனுப்பிவிடாதீர்கள். ஹார்மோன் அவர்களுக்கு அலங்காரமில்லை; கண்ணாடியில் தன் முகத்தைத் தன்னுடையதாகப் பார்க்க அது வேண்டும். நீங்கள் நிறுத்தச் சொன்னால் அவர்கள் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். உங்களிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். “இந்த மாத்திரை வேண்டாம், இதைவிடப் பாதுகாப்பானது தருகிறேன், ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே ஓடி வந்துவிடுங்கள்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் உயிர் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஈசிஜி அறை

நெஞ்சு வலி என்று வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. எடுப்பதற்கு மார்பைத் திறக்க வேண்டும். ஆறு மின்முனைகளை நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து இடது அக்குள்வரை ஒட்ட வேண்டும். நமக்கு இது சாதாரண வேலை.

ஒரு திருநம்பி அந்தக் கட்டிலில் படுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தாடி அரும்பியிருக்கிறது. சட்டைக்குள் மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டர் அணிந்திருக்கிறார். வெளியே வரிசையில் ஆண்கள் பக்கத்தில் நின்று வந்தவர். “சட்டையைக் கழட்டுங்க தம்பி” என்கிறார் டெக்னீஷியன். அவர் தயங்குகிறார். “சீக்கிரம், ஆள் நிக்குது.” கழற்றுகிறார். டெக்னீஷியன் முகம் மாறுகிறது. கதவைத் திறந்து இன்னொருவரைக் கூப்பிடுகிறார்: “இங்க வாயேன், என்னன்னு பாரு.” படுத்திருப்பவர் வலியோடு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சீட்டைக்கூட வாங்காமல் போய்விடுகிறார். இதே மாதிரியான நிகழ்ச்சியைப் பால்புதுமையர் கூட்டங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறுபடி நெஞ்சு வலித்தால் அவர் வாயுவுக்கு ஜெலூசில் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மாரடைப்பில் இதயத் தசை மணிக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டிலேயே கிடப்பார்.

அமெரிக்காவில் ‘லாம்ப்டா லீகல்’ என்ற சட்ட உதவி அமைப்பு நடத்திய ஆய்வில், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ளவர்களில் 56 விழுக்காட்டினரும், திருநங்கையர், திருநம்பியரில் 70 விழுக்காட்டினரும் மருத்துவத் துறையினரிடம் பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தொட மறுத்தல், கடுஞ்சொல், சிகிச்சை மறுப்பு எல்லாம் அதில் அடக்கம். நம் பாடப்புத்தகங்களும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை, பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லிக்கொண்டு நடத்தப்படும் சிகிச்சைகளைத் தடை செய்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. இருந்தும் 2024இல் அதே ஆணையம் வெளியிட்ட சட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில், தன்பாலுறவு மீண்டும் குற்றங்களின் பட்டியலில் வந்து சேர்ந்தது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் திரும்பப் பெற்றார்கள். இருபது வயதில் குற்றம் என்று படித்த மாணவர், நாற்பது வயதில் நோயாளியின் கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவார்?

கேட்காததால் வரும் ஆபத்து

கேள்வி கேட்காமலிருப்பது நாகரிகம் என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள். சில நேரம் அது ஆளைக் கொல்லும்.

1867இல் லாடர் பிரண்டன் என்ற எடின்பரோ மருத்துவர், அமைல் நைட்ரைட் ஆவியை முகர்ந்தால் நெஞ்சு வலி தணிகிறது என்று கண்டு சொன்னார். இன்று நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அதே நைட்ரேட் குடும்பம். காலப்போக்கில் அந்த ஆவி மருத்துவமனையைவிட்டு வெளியேறியது. ‘பாப்பர்ஸ்’ என்ற பெயரில் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டு, பல நாடுகளில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சிலர் உடலுறவின்போது பயன்படுத்தும் பொருளானது. சில்டெனாஃபிலும் முதலில் நெஞ்சு வலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்துதான். இந்த இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். சில்டெனாஃபில் போட்டவருக்கு அவசரப் பிரிவில் நாம் சார்பிட்ரேட் வைத்தாலும் அதே கதிதான். “கடந்த இரண்டு நாளில் சில்டெனாஃபில், டடாலஃபில் மாதிரி மாத்திரை போட்டீர்களா, குப்பியில் எதையாவது முகர்ந்தீர்களா” என்று முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். கல்யாணமானவரிடமும், வெட்கப்படுகிறவரிடமும், உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

எச்.ஐ.வி. பற்றியும் ஒரு சொல். பால்புதுமையர் என்றாலே எச்.ஐ.வி. என்று முடிச்சுப் போடுவது பெரும் பிழை. ஆனால் அந்தத் தொற்றோடு வாழ்கிறவர் யாராக இருந்தாலும், கிருமி கட்டுப்பட்ட பின்னும் அவருக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். தீராத அழற்சியே இதில் முக்கியக் காரணம். இந்தியாவில் முதன்முதலாக 1986இல் சென்னையில்தான் இந்தத் தொற்று கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 2004 முதல் இந்தக் கிருமிக்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அன்று சாவை எதிர்நோக்கியிருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி வாழ்கிறார்கள். அவர்களை இதய நோய்க்குப் பறிகொடுக்கலாமா? இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி.யோடு வாழும் 7,769 பேரிடம் ‘ரிப்ரீவ்’ ஆய்வு நடந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரை நாள்தோறும் ஒன்று மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகளை 35 விழுக்காடு குறைத்தது என்று 2023இல் முடிவு வந்தது. கூட்டு மருந்து வாங்கப் போகும் அதே மையத்தில் கொழுப்பு மாத்திரையும் பி.பி. மாத்திரையும் கொடுத்தால் போதும்.

கையெழுத்து யாருடையது?

மாரடைப்பு வந்தவரை ஆஞ்சியோவுக்கு எடுத்துப்போகும் நேரத்தில் கேத் லேப் வாசலில் ஒரு குரல் கேட்கும்: “பேஷன்ட்டோட சொந்தக்காரங்க யாரு?” பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர் முன்னே வருகிறார். “நீங்க என்ன வேணும்?” “ஃப்ரெண்ட்.” “ஃப்ரெண்ட் கையெழுத்து செல்லாதுங்க, வீட்லருந்து யாரையாவது வரச் சொல்லுங்க.” வீடோ அவரைத் துரத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன.

நினைவோடிருக்கும் நோயாளி தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். உயிர் காக்கும் அவசரத்தில் உறவினர் கையெழுத்துக்காக மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை. இதெல்லாம் சட்டம், ஆனால் வழக்கம் வேறாக இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. ஆனாலும் நிலைமை மெல்ல நகர்கிறது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையரே பெற வழி செய்யுமாறு 2024 ஆகஸ்டில் ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, பால்புதுமையர் தாமே தேர்ந்துகொண்ட உறவுகளும் குடும்பம்தான் என்று ஏற்றது. இறந்தபின் உடலை ஒப்படைக்கத் தகுதியானவரை, உயிரோடிருக்கும்போது பக்கத்தில் நிற்க ஏன் விடக் கூடாது? சேர்க்கைப் படிவத்தில் ‘நோயாளி குறிப்பிடும் நபர்’ என்று ஒரு வரி இருந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

தனிமையும் இதயத்தைத் தின்னும். உறவற்று வாழ்வோருக்கு இதயத் தமனி நோய் 29 விழுக்காடும் பக்கவாதம் 32 விழுக்காடும் கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது. ஜமாத்தின் அம்மா–மகள் உறவையும், இணையர் உறவையும், நண்பர் குழுவையும் நம் சிகிச்சைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நம்மால் இப்போதே முடிந்தவை

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பைப் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வீடு வீடாகப் போய் பி.பி.யும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தால், நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகள் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் பால்புதுமையர்வரை நீட்டினால் போதும். அதற்கு ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மக்களைத் தேடி மருத்துவத்தின் பி.பி. கருவி திருநங்கையர் சேர்ந்து வாழும் வீடுகளுக்கும் போக வேண்டும். கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவர்கள் காலையில் கிளம்பிவிடுவார்கள். இரவு வேலை செய்கிறவர்கள் நண்பகலில்தான் எழுவார்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து போக வேண்டும். திருநங்கையரையே களப்பணியாளராக அமர்த்தினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாளாவது ஹார்மோன் சிகிச்சைக்கான புறநோயாளர் நேரம் வேண்டும். 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சையை அரசின் கடமைகளில் ஒன்றாகவே எழுதியது. பாதுகாப்பான மருந்து இலவசமாகக் கிடைத்தால் யாரும் கருத்தடை மாத்திரையைத் தேடிப் போக மாட்டார்கள்.

மூன்றாவது, கணக்கெடுக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் ‘பிற’ பாலினமாகப் பதிவானவர்கள் இந்தியாவில் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். பாலீர்ப்பைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. நம் தொற்றா நோய் ஆய்வுகளில், பெயர் வெளிவராது என்ற உறுதியோடு, விரும்புகிறவர் மட்டும் பதில் சொல்லும்படியாக அந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும்.

நான்காவது, ஈசிஜி அறைக்கு ஒரு திரை, மேலே போர்த்த ஒரு துணி, ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்’ என்ற ஒரு கேள்வி. இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. டெக்னீஷியன், வார்டு உதவியாளர், காவலாளி, சீட்டு எழுதுகிறவர் எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும். நோயாளி மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நான்கு பேரைக் கடந்து வருகிறார். திரும்பிப் போய்விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐந்தாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. மகன் இப்படி, மகள் இப்படி என்று தெரியவரும்போது உங்களுக்கு வலிக்கும். ஊர் என்ன சொல்லும் என்று தோன்றும். அந்த வலியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நிம்மதியான தூக்கம், சளி பிடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள்: இதய மருத்துவராக நான் எழுதித் தருகிற எந்தச் சீட்டும் இவற்றுக்கு ஈடாகாது. அமெரிக்க இதயச் சங்கம் வகுத்த எட்டு இதய நலக் கூறுகள் உணவு, உடலுழைப்பு, புகையின்மை, தூக்கம், எடை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம். இவற்றில் முதல் நான்கு ஒரு வீட்டுக்குள் நடப்பவை. வீட்டைவிட்டுத் துரத்தும்போது அந்த நான்கையும் ஒரே நாளில் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

இங்கிருக்கும் பால்புதுமை உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வெளியே சொல்லிக்கொண்டவர்களும் சொல்லாதவர்களும் இந்த அரங்கில் இருப்பீர்கள். முப்பது வயதானால் ஆண்டுக்கு ஒருமுறை பி.பி., சுகர், கொழுப்பு பாருங்கள். சிகரெட்டை விட உதவி கேளுங்கள். நெஞ்சு வலியோ தாடை, இடது கை வலியோ வியர்வையோடு வந்தால், யார் என்ன நினைப்பார்களோ என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஓரிடத்தில் அவமதித்தால் இன்னோர் இடத்துக்குப் போங்கள். ஆனால் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்களை மதித்துச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டும் வருகிறார்கள்.

அந்த எண்ணிக்கையைக் கூட்டப்போகிறவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களாகிய நீங்கள். பட்டம் பெற்று எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்ந்தாலும், முதல் மாதத்திலேயே அந்த வட்டாரத்தில் உள்ள திருநங்கையர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பி.பி. பாருங்கள், எந்தக் கிழமை எந்த நேரம் நீங்கள் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் வரும்போது மற்றவர்களுக்குச் செய்கிற அதே சிகிச்சையை அதே குரலில் செய்யுங்கள்.